ஆள் பஞ்சமா? மனப் பஞ்சமா?

வியாபாரப் பெருமக்களே! சமுதாய இளைஞர்களே! இது உங்கள் இரு சாராருக்கும் சேர்த்துத்தான் எழுதப்படுகிறது. ஒருவர் மீது ஒருவர் பழி போட்டது போதும். இன்று இருவரையும் ஒரே பாயில் உட்காரவைத்துக் கேட்டுவிடுவோம்.

கடைத்தெருவில் எந்த முதலாளியைக் கேட்டாலும் ஒரே பல்லவி: "ஆளே கிடைக்கலை பாய்!" அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வாலிபனைக் கேட்டால் இன்னொரு பல்லவி: "வேலையே கிடைக்கலை பாய்!" ஒரே ஊர். ஒரே ஜமாஅத். ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறார்கள். ஒருவருக்கு ஆள் இல்லை, பக்கத்தில் நிற்பவருக்கு வேலை இல்லை! இது எப்படி என்று எந்த நிர்வாகியாவது கேட்டதுண்டா?

முதலில் ஓர் உண்மையைப் புரிந்துகொள்ளுங்கள். தமிழகம் கிழடுதட்டிக்கொண்டிருக்கிறது. மத்திய அரசு 2021இல் வெளியிட்ட முதியோர் பற்றிய அறிக்கையின் மதிப்பீட்டின்படி, அந்த ஆண்டில் நம் மாநில மக்களில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். 2031இல் இது 18.2 சதவீதமாகும் என்கிறது அதே அறிக்கை. ஒரு தாய்க்கு சராசரியாக 1.8 குழந்தை என்பது 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு தமிழகத்துக்குச் சொன்ன எண். மக்கள்தொகை குறையாமல் நிற்கவே 2.1 வேண்டும். 2024 அக்டோபரில் தமிழக, ஆந்திர முதலமைச்சர்கள் இருவருமே அதிகக் குழந்தைகள் பற்றி மேடையில் பேசும் நிலை வந்ததே, சும்மாவா?

(இடையில் ஒன்று. "முஸ்லிம்கள் பெருகிக்கொண்டே போகிறார்கள்" என்று நஞ்சு கக்கும் கூட்டத்துக்கு அதே கணக்கெடுப்பு பதில் வைத்திருக்கிறது. இந்திய முஸ்லிம் பெண்களின் சராசரி குழந்தை எண்ணிக்கை 1992-93இல் 4.4. 2019-21இல் 2.36. எல்லாச் சமூகங்களிலும் மிக வேகமாகக் குறைந்தது நம்மிடம்தான். பொய்யை ஒலிபெருக்கியில் சொல்பவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்!)

ஆக, ஆள் குறைகிறது என்பது உண்மை. ஆனால் முதலாளிமார்களே, உங்கள் கடையிலும் ஷாப்பிலும் ஆள் இல்லாததற்கு அது மட்டும்தான் காரணமா?

தோல் தொழிலையே பாருங்கள்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை. நம் சமுதாயத்தின் பெயர் சொல்லும் தொழில். ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட காலத்திலிருந்து குரோம் டிரம் காலம் வரை இந்தத் தொழிலில் நம்மவர்கள் இருந்தார்கள். இந்தத் தொழில் தந்த செல்வத்தில்தான் பள்ளிவாசல்கள் எழுந்தன, மதரஸாக்கள் எழுந்தன, கல்லூரிகள் எழுந்தன. பதனிட்ட தோலை அரைகுறையாக ஏற்றுமதி செய்ய 1970களில் மத்திய அரசு கட்டுப்பாடு போட்டபோது தாக்குப்பிடித்தார்கள். முடிந்த தோலுக்கும் செருப்புக்கும் மாறினார்கள். 1996இல் கழிவுநீர் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது பல ஷாப்கள் மூடிக்கிடந்தன. அதையும் கடந்தார்கள். பாலாற்றை நாசமாக்கிய பழி இன்னும் நம் தலையில்தான் இருக்கிறது என்பது வேறு கதை. அதை மறுக்க முடியாது.

அந்த ஷாப்களில் இன்று போய்ப் பாருங்கள். தோலைக் கையில் எடுத்து, கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, "இது முதல் தரம், இது கழிவு" என்று தரம் பிரிக்கும் மேஸ்திரிக்கு வயது என்ன? அறுபதை நெருங்கியவர் அல்லது தாண்டியவர். அவருக்குப் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளும் பையன் எங்கே? முதலாளியின் மகன் சென்னையில் கம்ப்யூட்டர் முன்னால். மேஸ்திரியின் மகன் ரியாதில் கார் ஓட்டுகிறான். அந்த விரலில் இருக்கும் 40 வருட அறிவு அவரோடு கப்ருக்குள் போகப்போகிறது!

ஈர வேலை யார் செய்கிறார்கள்? ஒரு காலத்தில் தலித் சகோதரர்கள் செய்தார்கள். சுண்ணாம்புக் குழியில் அவர்கள் நின்றார்கள், நாம் கணக்குப் பேனாவோடு திண்ணையில் உட்கார்ந்தோம். தீண்டாமை இல்லாத மார்க்கத்தைச் சொல்லிக்கொண்டே, உடல் உழைப்பைத் தீண்டாமல் ஒதுக்கினோம். இன்று அவர்களின் பிள்ளைகள் படித்து வெளியேறுகிறார்கள். வாழ்த்துவோம்! அந்த இடத்துக்கு வடமாநிலத்திலிருந்து ரயிலேறி வருகிறவர்களை நிறுத்துகிறோம். 2015 ஜனவரி 31 நினைவிருக்கிறதா? ராணிப்பேட்டை சிட்கோவில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, அருகிலிருந்த ஷாப்பில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது சேறு பாய்ந்து 10 உயிர்கள் போயினவே! செத்தவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வேலை செய்யும் இடத்திலேயே படுக்க வைத்திருந்தோம். இப்படித்தான் ஆள் வைப்போம் என்றால், எந்தத் தாய் தன் மகனை இந்தத் தொழிலுக்கு அனுப்புவாள்?

கல்லாப்பெட்டிக்குப் பின்னால்

ஷாப்காரர்களை மட்டும் சொல்லவில்லை. ஜவுளிக்கடை, செருப்புக்கடை, மளிகைக்கடை முதலாளிகளே, உங்களிடமும் வருகிறோம். காலை ஒன்பதுக்கு வந்து இரவு பத்துக்குப் போகிறவனுக்கு என்ன சம்பளம்? பிஎஃப் உண்டா? ஈஎஸ்ஐ உண்டா? கடையில் நிற்கிறவர் உட்கார நாற்காலி போடவேண்டும் என்று 2021இல் தமிழகச் சட்டமன்றம் சட்டமே போட்டது. நாற்காலிக்குக்கூடச் சட்டம் போடவேண்டிய அளவுக்கு வியாபாரிகளின் மனம் சுருங்கிவிட்டதா? போட்ட பிறகாவது நாற்காலி வந்ததா? உங்கள் கடையை நீங்களே ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ரமளானில் சிலர் தம் வேலையாட்களுக்கு ஜகாத் பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, "போனஸ் கொடுத்தாச்சு" என்று கணக்கு எழுதுகிறார்கள். சட்டப்படி தரவேண்டிய போனஸும் தீர்ந்தது, அல்லாஹ்வுக்குத் தரவேண்டிய ஜகாத்தும் தீர்ந்தது. ஒரே காசில் இரண்டு கடன்! ஏழையாக இருந்தால் உங்கள் தொழிலாளிக்கும் ஜகாத் சேரலாம். ஆனால் அவன் உழைப்புக்கு ஈடாக அதைக் கொடுக்க முடியுமா? உங்கள் ஊர் ஆலிமிடமே கேட்டுப் பாருங்கள். இதில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. உங்களிடம் முழுநேரம் உழைப்பவன் ஜகாத் வாங்கும் நிலையில் இருக்கிறான் என்றால், அவன் சம்பளத்தை நிர்ணயித்தது யார்?

30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை தொழில் பழகுநர்களை எடுக்க வேண்டும் என்று பழகுநர் விதி சொல்கிறது. அவர்களின் உதவித்தொகையில் ஒரு பங்கை அரசே தருகிறது. நம் முதலாளிகளில் எத்தனை பேர் இதைப் பயன்படுத்துகிறார்கள்? "பழக்கிவிட்டால் ஓடிப்போவான்" என்கிறார்கள். நியாயமான சம்பளம் கொடுத்தால் ஏன் ஓடுகிறான்?

இப்போது வாலிபர்களே!

சிரித்துக்கொண்டிருந்தீர்களே, இனி உங்கள் முறை.

வாப்பா சவூதி போனார், மாமா துபை போனார், நானும் போவேன் என்று பாஸ்போர்ட்டைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறீர்கள். அந்த வாசல் பழைய வாசல் அல்ல. 2011இல் சவூதி அரசு 'நிதாகத்' கொண்டுவந்தது. தன் நாட்டவரை இத்தனை சதவீதம் வைக்காத கம்பெனிக்கு விசா இல்லை என்றது. 2016இல் செல்போன் கடைகளில் சவூதிகள் மட்டும்தான் என்றது. நம் ஊர்ப் பையன்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்களே! அங்கே இன்றும் வேலை உண்டு. கைத்தொழிலும் சான்றிதழும் உள்ளவனுக்கு. "எந்த வேலையானாலும் செய்வேன்" என்பவனுக்கு மிஞ்சுவது எந்த வேலையும் இல்லை என்பதுதான்.

அதே நேரத்தில் வேறு வாசல்கள் திறக்கின்றன. ஜப்பானில் பத்தில் ஏறத்தாழ மூன்று பேர் 65 வயதைக் கடந்தவர்கள். முதியோரைப் பராமரிக்க, கட்டடம் கட்ட, இயந்திரம் ஓட்ட அவர்களுக்கு ஆள் இல்லை. 2019இல் அதற்கெனத் தனி விசா கொண்டுவந்தார்கள். 2021 ஜனவரியில் இந்தியாவுடன் ஒப்பந்தமும் போட்டார்கள். ஜெர்மனி 2024 அக்டோபரில், இந்தியத் தொழில் வல்லுநர்களுக்கு ஆண்டுக்கு 20,000 என்றிருந்த விசாவை 90,000 ஆக்குவதாக அறிவித்தது. நர்ஸ், எலக்ட்ரீஷியன், வெல்டர் எல்லாம் அவர்களுக்குத் தேவை. ஆனால் வேலைக்கு முன்னால் மொழி கேட்கிறார்கள். ஆறு மாதம், ஒரு வருடம் உட்கார்ந்து ஜெர்மன் படிக்க நீங்கள் தயாரா? ஏஜென்டிடம் லட்சக்கணக்கில் கட்டி ஏமாறத் தயாராக இருக்கிறீர்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் 1978 முதல் இருக்கிறது, அதன் படியேறி விசாரிக்க மட்டும் வெட்கம்!

ஐடிஐயில் சேரச் சொன்னால் முகம் சுளிக்கிறீர்கள். "ஃபிட்டர் படிச்சா பொண்ணு கொடுப்பாங்களா?" என்கிறீர்கள். பெண் வீட்டாரே, இந்தக் கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்! உங்கள் மகள் கல்லூரி முடித்துவிட்டாள். அவளுக்குப் பாதுகாப்பும் கண்ணியமும் உள்ள வேலையை நம் முதலாளிகள் உருவாக்கவில்லை. அவளுக்கேற்ற படிப்போ தொழிலோ உள்ள மாப்பிள்ளையை நாம் உருவாக்கவில்லை.

அரசு வேலை பற்றி ஒரு சொல். ஓய்வு வயதை 2020இல் 59, 2021இல் 60 என்று உயர்த்தியதால் தள்ளிப்போன ஓய்வுகள் இப்போது ஆண்டுதோறும் நடக்கின்றன. 2007இல் போராடிப் பெற்ற 3.5 சதவீத ஒதுக்கீட்டில் எந்தத் துறையில் எத்தனை முஸ்லிம்கள் அமர்த்தப்பட்டார்கள் என்ற முழு வெள்ளை அறிக்கையை அரசு வெளியிடட்டும். கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் தேர்வுக்கு விண்ணப்பமே போடாதவன் அரசைத் திட்டுவதில் என்ன பொருள்?

ஜமாஅத் நிர்வாகிகளே! பள்ளிவாசலுக்கு மார்பிள் போட்டது போதும். ஒரு நோட்டு வாங்குங்கள். ஒரு பக்கம் மஹல்லாவில் வேலையில்லாத வாலிபர்களின் பெயர், படிப்பு, தெரிந்த தொழில். எதிர்ப்பக்கம் ஆள் தேடும் முதலாளிகள், தரும் சம்பளம், பிஎஃப் உண்டா இல்லையா. கடைசிப் பக்கத்தில் ஓய்வுபெறப்போகும் மேஸ்திரி, டெய்லர், தச்சர்களின் பெயர். ஆளுக்கு இரண்டு பையன்களைப் பழக்க அவர்களுக்கு மாதம் ஒரு தொகை. பைத்துல்மாலில் பணம் இல்லை என்று சொல்லாதீர்கள். போன வருடம் கந்தூரிக்கும் ஆண்டு விழா மேடைக்கும் எவ்வளவு செலவு என்பது ஊருக்கே தெரியும்.

அந்த நோட்டு எந்த மஹல்லாவில் முதலில் திறக்கப்படுகிறதோ, அந்த ஊரின் பெயரை எங்களுக்கு எழுதியனுப்புங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறோம், இன்ஷா அல்லாஹ்.