சுவருக்குக் காது உண்டு, செல்போனுக்கு?

கொஞ்ச நாளாக என்னிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "மாமியாரோட பேசிட்டிருந்தேன், குழந்தைக்கு நடைவண்டி வாங்கணும்னு. வாயால சொன்னதுதான், எங்கேயும் எழுதலை. சாயந்திரம் போனை எடுத்தா நடைவண்டி விளம்பரம்! இது ஒட்டுக் கேட்குதா அக்கா?"

அவர்கள் கலக்கம் எனக்குப் புரிகிறது. நாத்தனார் கல்யாணக் கடன், தள்ளிப்போன நாள், பெண்ணுக்கு வந்த வரன் என்று வீட்டுக்குள் நாம் என்னதான் பேசுவதில்லை!

முதலில் ஆறுதலான சமாசாரம். அமெரிக்காவில் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் 17,000-க்கும் அதிகமான ஆண்ட்ராய்டு செயலிகளை ஆராய்ந்து 2018-ல் முடிவைச் சொன்னார்கள். ரகசியமாக மைக்கைத் திறந்து பேச்சை வெளியே அனுப்பும் செயலி ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் சில செயலிகள் திரையில் நாம் செய்வதைப் படம் பிடித்து வேறு கம்பெனிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன! நாம் வாசலையே பார்த்துக்கொண்டிருக்க, திருடன் கொல்லைப்புறமாகப் போயிருக்கிறான்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். நாள் முழுக்க நம் பேச்சை அனுப்பினால் சார்ஜும் டேட்டாவும் என்ன ஆகும்?

அப்படியானால் நடைவண்டி எப்படி வந்தது? குழந்தை பிறந்த தேதியைத் தடுப்பூசி நினைவூட்டும் செயலியில் நாமே பதிந்திருப்போம். ராத்திரி இரண்டு மணிக்கு, "எட்டு மாதக் குழந்தை எப்போது நிற்கும்" என்று தேடியிருப்போம். அதே வைஃபையில் வீட்டுக்காரர் நடைவண்டி விலை பார்த்திருப்பார், நம்மிடம் சொல்லியிருக்க மாட்டார். கடையில் பில் போடும்போது கேட்டவுடன் போன் நம்பரைச் சொல்லிவிடுகிறோம். எட்டு மாதக் குழந்தை வீட்டில் இருப்பது தெரிந்தால் நடைவண்டி காட்ட ஜோசியமா பார்க்க வேண்டும்? அன்றைக்கே வந்த இன்ஷூரன்ஸ், பெயின்ட், லாரி டயர் விளம்பரமெல்லாம் நம் மனசில் நிற்பதே இல்லை.

அதற்காக எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. ஸ்பெயின் நாட்டின் 'லா லிகா' கால்பந்து அமைப்பு தன் செயலி மூலம் ரசிகர்களின் மைக்கைத் திறந்து, எந்த மதுக்கடையில் காசு கட்டாமல் மேட்ச் போடுகிறார்கள் என்று கண்காணித்தது. அதைச் சரியாகத் தெரிவிக்கவில்லை என்று அந்நாட்டுத் தகவல் பாதுகாப்பு அமைப்பு 2019-ல் 2,50,000 யூரோ அபராதம் போட்டது. பேச்சைப் பதிவு செய்யவில்லை, ஒலியின் அடையாளத்தை மட்டுமே ஒப்பிட்டோம் என்றது லா லிகா. அதே 2019-ல், 'சிரி' பதிவு செய்த துணுக்குகளை ஆட்கள் உட்கார்ந்து கேட்பது வெளியே வந்தது. கூப்பிடாமலே தவறுதலாக அது விழித்துக்கொண்ட நேரத்துப் பேச்சும் அதில் இருந்தது. ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது. அது சம்பந்தமான வழக்கில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 9.5 கோடி டாலர் கொடுக்கச் சம்மதித்த செய்தி 2025 ஜனவரியில் வந்தது.

ஆனால் என்னைக் கேட்டால், மைக்கைவிட அதிகமாக வயிற்றைக் கலக்குவது வேறொன்று. மாதவிலக்குக் கணக்கு வைக்கும் 'ஃப்ளோ' என்ற செயலியைப் பத்துக் கோடிப் பேருக்கு மேல் உபயோகித்தார்கள். அந்தரங்கம் காப்போம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, யார் கர்ப்பம் என்பது போன்ற விவரங்களை ஃபேஸ்புக், கூகிள் போன்ற இடங்களுக்குப் பகிர்ந்தது என்று அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் 2021-ல் குற்றம் சாட்டி, கட்டுப்பாடுகள் போட்டது. அம்மாவிடம்கூடச் சொல்லத் தயங்கும் விஷயத்தை நம் விரலாலேயே எழுதிக் கொடுக்கிறோம். இதற்கு ஒட்டுக் கேட்க வேண்டுமா என்ன?

இது வெறும் வியாபாரம்தானே என்று தள்ளவும் முடியவில்லை. 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையில் இருந்த கில்லியன் பிராக்கெல் என்ற பெண்மணிக்கு 2018-ல் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. குழந்தைச் சாமான் விளம்பரங்கள் நிற்கவில்லை. வேண்டாம் என்று அழுத்தினால், குழந்தை பிறந்துவிட்டது போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, பாலூட்டும் தாய்மார்களின் உள்ளாடை விளம்பரம்! கர்ப்பத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்த உங்களுக்கு அந்த இழப்பு மட்டும் தெரியாதா என்று அந்தக் கம்பெனிகளுக்குப் பகிரங்கமாகக் கடிதம் எழுதினார். படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சரி, கைவேலைக்கு வருவோம். போனில் செட்டிங்ஸ், அதில் பிரைவசி, அதில் மைக்ரோபோன். (போனுக்குப் போன் இடம் சற்று மாறும்.) யார் யாருக்கு மைக் அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று வரிசையாகக் காட்டும். பேச்சே தேவைப்படாத செயலிக்கெல்லாம் நிறுத்திவிடுங்கள். 2020-க்குப் பிந்தைய ஐபோன் மென்பொருளில் மைக் வேலை செய்தால் திரையின் மேலே ஆரஞ்சுப் புள்ளி எரியும். 2021-ல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல் பச்சை அடையாளம். நீங்கள் பேசாதபோது அது எரிந்தால் யார் என்று பாருங்கள். மாதவிலக்குக் கணக்குக்கு, சமையலறை நாள்காட்டியில் பென்சிலால் ஒரு புள்ளி போதும்; நான் அப்படித்தான் வைத்திருந்தேன்.

குழந்தை விளையாடும் பலூன் விளையாட்டு மைக் கேட்கிறதே, கொடுக்கலாமா என்கிறார் இன்னொரு தாய். பாட்டுப் பாடிப் பதிவு செய்யும் விளையாட்டானால் 'உபயோகிக்கும்போது மட்டும்' என்று கொடுங்கள். பலூன் உடைக்க மைக் எதற்கு அம்மா? மறுத்துவிடுங்கள். மறுத்ததும் விளையாட்டு ஓடமாட்டேன் என்றால் அதை அழித்துவிட்டு, கடையில் நிஜ பலூனே வாங்கி ஊதிக் கொடுங்கள்.