சாவியைத் திருப்பும் முன்

தாத்தாவின் மோரிஸ் மைனர் பல மாதம் பட்டறையில் கிடந்து, புது பேரிங், புது பிஸ்டன் ரிங்கோடு வீடு வந்துவிட்டது. ஆயில் ஊற்றியாயிற்று. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று. படம் பிடிக்கக் கைப்பேசியோடு பேரப்பிள்ளைகள் தயார். இங்கேதான் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும்.

ஆயில் அடித்தொட்டியில் இருப்பது வேறு, பேரிங்கில் இருப்பது வேறு. பிரித்துக் கழுவிப் பூட்டிய எஞ்சினில் பம்ப், ஃபில்டர், ஆயில் ஓடும் வழிகள் எல்லாவற்றிலும் வெறும் காற்றுதான். பூட்டும்போது தடவிய ஆயிலும் நாளாக நாளாக வடிந்துவிடும். அப்படியே ஸ்டார்ட் செய்தால், பம்ப் ஆயிலை உறிஞ்சி மேலே அனுப்பும்வரை கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கோடு நேராக உரசும். பல ஆயிரம் வெள்ளி செலவழித்த வேலை சில விநாடிகளில் கெட்டுப்போகலாம்.

காணொளிகளில் டிஸ்டிரிபியூட்டரைக் கழற்றி, அந்தத் துளை வழியாக டிரில்லால் பம்பைச் சுற்றிக் காட்டுவார்கள். பழைய செவர்லே வி8-க்கு அது நல்ல வழி. மைனரிலும் பழைய மினியிலும் உள்ள ஏ-சீரிஸ் எஞ்சினுக்கு ஒத்துவராது. இதில் பம்ப், கேம்ஷாஃப்ட்டின் பின்முனையில் இருக்கிறது. எஞ்சின் சுற்றினால்தான் பம்ப்பும் சுற்றும்.

ஆகவே நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். அழுத்தம் இல்லாததால் பேரிங்கில் பாரம் விழாது. காயில் வயரையும் எடுத்துவிடுங்கள். ஆயில் விளக்கின் சுவிட்சைக் கழற்றி, அந்தத் துளை வழியே ஆயில் கேனால் ஆயிலை உள்ளே தள்ளுங்கள். பிறகு அங்கே ஒரு பிரஷர் மீட்டரைப் பூட்டுங்கள். விளக்கை மட்டும் நம்பாதீர்கள்; மிகக் குறைந்த அழுத்தத்திலேயே அது அணைந்துவிடும். இனி ஸ்டார்ட்டரைப் பத்துப் பத்து விநாடியாக, இடையில் ஆறவிட்டுச் சுற்றுங்கள். மைனரில் கைப்பிடி போட்டும் சுற்றலாம், முதுகு ஒத்துழைத்தால்! முள் ஏறி, மேலே ராக்கரில் ஆயில் கசிந்தால் கடைசி இடம்வரை போய்விட்டது என்று பொருள்.

முள் அசையவே இல்லையென்றால்? மைனரில் பம்ப் ஃபிளைவீலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அதை எடுக்க எஞ்சினை மறுபடி இறக்க வேண்டியிருக்கும். அதனால் பட்டறையில் வேலை நடக்கும்போதே, "பம்ப்புக்குள் ஆயிலோ வாஸ்லினோ நிரப்பித்தானே பூட்டினீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள். வாஸ்லின் சூட்டில் உருகி ஆயிலோடு கலந்துவிடும். கிரீஸ் வேண்டாம், வழியை அடைக்கும்.

கேம்ஷாஃப்ட்டும் புதிது என்றால், ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் சுமார் 2,000 ஆர்பிஎம்மில் இருபது நிமிடம் ஓட்டுங்கள். கண் மீட்டரிலேயே இருக்கட்டும். முள் விழுந்தால் உடனே அணையுங்கள். முதல் ஆயிலை 500 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுங்கள்.