கதை தெரிந்தால் மனம் ஓடாது

சனிக்கிழமை இரவு. லெம்பா பெர்த்தாமில் மழை விட்டுக் குளிர் இறங்கிவிட்டது. வீட்டில் எல்லாரும் படம் பார்க்கிறார்கள். பாதியில் மகள் கேட்கிறாள்: "இவரு யாருப்பா? முன்னாலேயே வந்தாரா?" அப்பாவுக்கும் தெரியவில்லை. கண் திரையில், மனமோ நாளைக்குக் காய்கறி ஏற்ற வேண்டிய லோரியில். நாலு முறை பார்த்த பாட்டிதான் பதில் சொல்கிறார்.

மனம் அலைவது அப்பாவின் குற்றமல்ல. ஹார்வர்ட் ஆய்வாளர்கள் கில்லிங்ஸ்வொர்த்தும் கில்பர்ட்டும் 2,250 பேரைக் கைப்பேசி வழி அவ்வப்போது விசாரித்து, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். கேட்ட நேரங்களில் ஏறக்குறைய 47 விழுக்காடு, கை ஒரு வேலையில், மனம் வேறெங்கோ!

படம் பார்க்கும்போது எப்படி? சிட்னி டிமெல்லோ என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு, 1956இல் வந்த 'சிவப்பு பலூன்' என்ற பிரெஞ்சுப் படத்தைப் போட்டுக் காட்டியது. சிலருக்கு அதன் கதையை முன்கூட்டியே படிக்கக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குச் சம்பந்தமில்லாத வேறொரு கதை. படத்தின் கதை தெரிந்தவர்களுக்குத்தான் மனம் குறைவாக அலைந்தது.

நாமோ "கதையைச் சொல்லிடாதே" என்று காதைப் பொத்திக்கொள்கிறோம். யார், எங்கே, என்ன சிக்கல் என்று தெரிந்தால் மனத்துக்கு ஒரு பிடி கிடைக்கிறது. அந்தப் பிடி நழுவினால் குழப்பம். குழம்பியதும் கை தானாகக் கைப்பேசியைத் தேடும். அதற்குள் இன்னொரு முக்கியக் காட்சி போய்விடும்.

இது நம்மவர்களுக்குப் புதிதல்ல. காமன் கூத்துப் பார்க்க உட்கார்ந்தவர்களுக்கு மன்மதன் எரியப்போவது முன்பே தெரியும். ஆனாலும் விடிய விடியப் பார்த்தார்கள். பழைய சினிமாப் பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கம் இருக்கும். முடிவை மட்டும் சொல்லாமல், "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று நிறுத்திவிடுவார்கள். எவ்வளவு சொல்வது, எங்கே நிறுத்துவது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நாமும் அப்படிச் செய்யலாம். படம் போடும் முன் இரண்டு நிமிடம், ஏற்கெனவே பார்த்தவர் கதையின் தொடக்கத்தைச் சொல்லட்டும். துப்பறியும் படமென்றால் கொலையாளி யார் என்பதை மட்டும் விட்டுவிடலாம். வேலை, பள்ளி, டியூஷன் என்று ஆளுக்கொரு திசையில் ஓடும் வீட்டில், எல்லாரும் ஒன்றாக உட்காருவது வாரத்தில் அந்த இரண்டரை மணி நேரம்தான். அதிலாவது மனமும் வீட்டில் இருக்கட்டும்.