ரசீதைப் பார்த்துச் சான்று கொடுங்கள்: பசுமைக் கட்டட மதிப்பீடு பற்றி எங்கள் நிலைப்பாடு

வரைபடத்தையும் கணினிக் கணக்கையும் மட்டும் பார்த்துக் கட்டடத்துக்குப் பசுமைச் சான்று தருவதை எங்கள் அமைப்பு ஏற்கவில்லை. ஆட்கள் குடியேறி ஓராண்டு கழிந்த பிறகு, மின்கட்டண ரசீதையும் தண்ணீர்க் கணக்கையும் பார்த்தே நட்சத்திரமோ தங்கமோ பிளாட்டினமோ தரப்பட வேண்டும். கட்டடக் கலைஞர்கள், மின்பொறியாளர்கள், அடுக்குமாடிக் குடியிருப்போர் எல்லாரும் உள்ள அமைப்பு இது. பல விஷயங்களில் எங்களுக்குள் சண்டை உண்டு, இதில் இல்லை.

மதிப்பீடே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஹைதராபாத்தில் உள்ள சி.ஐ.ஐ. சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம் 2003-இல் லீட் என்ற பசுமை மதிப்பீட்டு முறையில் பிளாட்டினம் பெற்றது. அமெரிக்காவுக்கு வெளியே அந்தத் தகுதியை முதலில் பெற்ற கட்டடம் அதுதான். டெரி நிறுவனம் உருவாக்கிய கிரிகா, 2007-இல் தேசிய மதிப்பீட்டு முறையானது. கூரைச் சூடு, ஜன்னலின் திசை, ஃபிளை ஆஷ் செங்கல் என்றெல்லாம் பில்டர்களைப் பேசவைத்ததில் இந்த முறைகளுக்குப் பங்கு உண்டு. சான்று எந்தக் கட்டத்தில் கைக்கு வருகிறது என்பதுதான் சிக்கல். கட்டடம் எழும்பும் முன்பே முன்சான்று வாங்கி விளம்பரத்தில் போட்டுவிடலாம். சில மாநிலங்களில் மதிப்பீட்டைக் காட்டிக் கூடுதல் தளப்பரப்பும் பெறலாம். அந்தக் கட்டடம் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று தெரியவரும்போது ஃபிளாட்டுகள் விற்றுத் தீர்ந்திருக்கும்.

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் மேற்குப் பார்த்த கண்ணாடிச் சுவர் அலுவலகம் எதிலாவது மதியம் மூன்று மணிக்கு நுழைந்து பாருங்கள். வெயில் முகத்தில் அறைவதால் திரைகளை இறக்கிவிட்டிருப்பார்கள். திரை இறங்கியதால் பட்டப்பகலில் விளக்குகள் எரியும். காகிதத்தில் அது பகல் வெளிச்சத்துக்கு மதிப்பெண் வாங்கித்தரும் ஜன்னல். குடியிருப்புகளின் கதை வேறு. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கும். அதன் மோட்டார் செலவுக்கும் ஆபரேட்டர் சம்பளத்துக்கும் சங்கத்தில் பணம் இருக்காது. கழிவுநீரை எடுத்துப்போக ஒரு லாரி, நல்ல தண்ணீர் கொண்டுவர இன்னொரு லாரி. இப்படிப் பேருக்குப் பொருத்திவைப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானபோது அவசர அவசரமாகப் பொருத்திய குழாய்களில் எத்தனை இன்றும் சுவரோடு இறங்கி வெறும் தரையில் முடிகின்றன!

ஓமந்தூரார் தோட்டத்தில் 2010-இல் திறக்கப்பட்ட சட்டமன்ற, தலைமைச் செயலக வளாகம் பசுமைக் கட்டடமாக வடிவமைக்கப்பட்டு லீட் தங்கச் சான்று பெற்றது. 2014 முதல் அது பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை. அறுவை அரங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவும் இரவு பகலாக இயங்கும் இடத்துக்கு, பேரவை நடத்தக் கட்டியபோது போட்ட கணக்கு எப்படிப் பொருந்தும்? மருத்துவமனை ஆனதை நாங்கள் குறை சொல்லவில்லை. கட்டடத்தின் பயன்பாடு மாறினால் சான்றும் காலாவதியாக வேண்டும் என்கிறோம்.

அளந்து பார்த்து மதிப்பிடும் முறை இந்தியாவிலேயே உண்டு. குளிர்சாதனப் பெட்டிக்கு நட்சத்திரம் தரும் அதே எரிசக்தித் திறன் பணியகம், 2009 முதல் அலுவலகக் கட்டடங்களுக்கும் தருகிறது. ஓராண்டில் செலவான யூனிட்டைச் சதுர மீட்டரால் வகுத்தால் போதும். மூன்று ஷிஃப்ட் ஓடும் பி.பி.ஓ.க்களுக்கு அநீதி நேராதபடி மணிக்கணக்கில் தனி அளவும் வைத்திருக்கிறார்கள். ஆனால் சேர்வது அவரவர் விருப்பம். ஆஸ்திரேலியாவில் நேபர்ஸ் என்ற முறை 12 மாத உண்மைச் செலவைப் பார்க்கிறது. 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலுவலக இடத்தை விற்கவோ வாடகைக்கு விடவோ முன்வந்தால் அந்த மதிப்பீட்டை வெளியிடுவது அங்கே சட்டம். இங்கிலாந்தில் பொதுமக்கள் வந்துபோகும் பெரிய அரசுக் கட்டடங்களில் எரிசக்திச் செலவுத் தரச்சான்றைக் கண்ணில் படும்படி மாட்டிவைக்க வேண்டும். இப்படி வெளியிட்டால் தொழில் ரகசியம் போய்விடும் என்ற வாதம் எங்களிடமும் வைக்கப்பட்டது. மின்கட்டணத்தில் என்ன ரகசியம் இருக்கிறதென்று எங்களுக்குப் புரியவில்லை.

ஆகவே மாநில அரசு முதலில் தன் கட்டடங்களில் தொடங்கட்டும். ஆட்சியர் அலுவலகங்கள், அரசு மருத்துவமனைகள், பல்கலைக்கழகங்களின் வாசலில் சென்ற ஆண்டின் மின்செலவையும் தண்ணீர்ச் செலவையும் எழுதிவைக்கட்டும். தனியாருக்குத் தரும் கூடுதல் தளப்பரப்பு போன்ற எந்தச் சலுகையும் ஓராண்டுக் கணக்கு வந்த பிறகே உறுதியாகட்டும்; கணக்கு தவறினால் அபராதம் வேண்டும். லாரித் தண்ணீரையும் ஜெனரேட்டர் டீசலையும் அந்தக் கணக்கில் கட்டாயம் சேர்க்க வேண்டும், ஏனென்றால் மீட்டரில் ஏறாமல் தப்பிப்பவை இவைதான். மதிப்பீட்டு ஆலோசகருக்கு பில்டரே கூலி கொடுக்கும் ஏற்பாடும் மாற வேண்டும்.

ஃபிளாட் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதிரி வீட்டில் மாட்டியிருக்கும் சான்றிதழைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அதே பில்டர் முன்பு கட்டி ஒப்படைத்த குடியிருப்புக்குப் போய், சங்கச் செயலாளரிடம் ஏப்ரல், மே மாத லாரிக் கணக்கைக் கேளுங்கள்.