நிழலை அளக்கத் தெரிந்த சமுதாயம் வெயிலில் நிற்கலாமா?



கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துத் திறந்த மைதானங்கள் நம் பிள்ளைகளால் நிறைந்துவிடுகின்றன. காலை 10 மணிக்குத் தொடங்கும் கிரிக்கெட் ஆட்டம் ளுஹர் பாங்கு ஒலிக்கும்போதுதான் ஓய்கிறது. சில நாள்களில் அதன் பின்னரும் நீள்கிறது. தலையில் தொப்பி இராது. ஓர் அணி முழுமைக்கும் ஒரே தண்ணீர் பாட்டில் இருக்கும். குடை எடுத்துப் போகச் சொன்னால் சிரிக்கிறார்கள். குடை பெண்களுக்கும் முதியவர்களுக்கும் உரியதாம். வெயிலைத் தாங்கி நிற்பதே ஆண்மை என்ற எண்ணம் அவர்கள் மனத்தில் வேரூன்றியிருக்கிறது. அந்த எண்ணத்தை விதைத்தவர்களுள் நாமும் இருக்கிறோம் என்பதே இக்கட்டுரையை எழுதத் தூண்டிய கவலை.

வெயில் விளையாட்டல்ல என்பதைச் சென்னை அண்மையில்தான் கண்டது. 2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை, இந்திய விமானப்படையின் 92ஆம் ஆண்டு விழாவையொட்டி மெரினா கடற்கரையில் வான் சாகசக் காட்சி நடைபெற்றது. இலட்சக்கணக்கான மக்கள் குழந்தை குட்டிகளுடன் திரண்டனர். காட்சி நடந்த நேரம் முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை. அன்று 5 பேர் உயிரிழந்தனர். வெயிலின் தாக்கமே காரணம் என்று மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் தெரிவித்தார். மயங்கி விழுந்து மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டவர்கள் ஏராளம். அது கத்திரி வெயில் காலமன்று, அக்டோபர் மாதம். இடமோ கடற்கரை. இறந்தவர்கள் எல்லோரும் முதியவர்களும் அல்லர். அதே மாதத்தில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

கடலோரத்திலேயே இந்த நிலை என்றால், மேற்குப் புறநகரில் வாழும் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கோடையில் நகரத்தைத் தணிக்கும் கடற்காற்று, கரையைத் தொட்டு மேற்கே அம்பத்தூரையும் ஆவடியையும் வந்தடைய நேரமாகிறது. அதுவரை தொழிற்பேட்டைகளும் அகன்ற தார்ச்சாலைகளும் வெப்பத்தை வாங்கி நம் மீதே உமிழ்கின்றன.

வெயிலைத் தாங்குவது வீரம் என்போருக்கு நம் மார்க்கம் தெளிவான விடை தந்திருக்கிறது. அபூ இஸ்ராயீல் என்ற நபித்தோழர் நோன்பிருந்து, உட்காராமல், நிழலில் ஒதுங்காமல், எவரிடமும் பேசாமல் வெயிலில் நிற்பதாக நேர்ச்சை செய்திருந்தார். இதனை அறிந்த நபி (ஸல்) அவர்கள், அவர் உட்கார வேண்டும், நிழலுக்கு வர வேண்டும், பேச வேண்டும்; நோன்பை மட்டும் நிறைவு செய்யட்டும் என்று ஏவினார்கள். ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள செய்தி இது. நோன்பு வணக்கம், அதை அனுமதித்தார்கள். வெயிலில் நிற்பது வணக்கமன்று, வெறும் வருத்தம். அதனைத் தடுத்தார்கள். இறைவனுக்காக நிற்கிறேன் என்றவருக்கே அனுமதி இல்லையெனில், நண்பர்கள் கேலி செய்வார்களே என்று நிற்பவருக்கு ஏது அனுமதி?

நிழல் தேடுவது கோழைத்தனமும் அன்று. ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்கள் மீது வெயில் பட்டதும், அபூபக்ர் (ரலி) அவர்கள் தம் மேலாடையை விரித்து நிழல் தந்தார்கள். அதைக் கண்ட பிறகுதான், இருவருள் அல்லாஹ்வின் தூதர் யார் என்பதை மதீனத்து மக்களில் பலர் அடையாளம் கண்டுகொண்டார்கள். அல்லாஹ்வும் திருக்குர்ஆனின் 16ஆவது அத்தியாயத்தில், நிழலையும் வெப்பத்திலிருந்து காக்கும் ஆடைகளையும் தன் அருட்கொடைகளாக எண்ணிக் காட்டுகிறான். கொடுத்த அருளைப் பயன்படுத்துவதும் நன்றி செலுத்துதலே.

நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனிச்சிறப்பும் உண்டு. மதரஸாவில் தொழுகை நேரங்களைப் படிக்கும்போதே அவர்கள் நிழலை அளக்கக் கற்கிறார்கள். சூரியன் உச்சி சாய்ந்தால் ளுஹர். உச்சிநேர நிழலைக் கழித்து, ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தை எட்டினால் ஷாஃபி மத்ஹபின்படி அஸ்ர். இரு மடங்கானால் ஹனஃபி மத்ஹபின்படி அஸ்ர். இன்றைய தோல் மருத்துவர்கள் சொல்லும் எளிய விதியும் நிழலைக் கொண்டதுதான்: உன் நிழல் உன்னைவிடக் குட்டையாக இருக்கும்போது புற ஊதாக் கதிர்கள் கடுமையாக இருக்கும், அப்போது திறந்த வெளியில் நிற்காதே. அதாவது, அஸ்ருக்கு முன்னர் உள்ள வெயிலே அஞ்சத்தக்க வெயில். காலையிலும் ஏறத்தாழ 9 மணிக்குப் பிறகு நிழல் நம்மைவிடக் குறுகிவிடுகிறது. ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வருவதால், நிமிர்ந்து நிற்கும் கம்பத்திற்கு நண்பகலில் நிழலே விழுவதில்லை.

ஆகவே நம் வேண்டுகோள் எளிது. ஃபஜ்ர் தொழுதுவிட்டு மைதானத்திற்குச் செல்லுங்கள். 9 மணிக்குள் வீடு திரும்புங்கள். மாலையில் அஸ்ர் தொழுத பிறகு செல்லுங்கள். மஃக்ரிபுக்கு முன்னர் திரும்புங்கள். கடும் கோடையில் அஸ்ருக்குப் பிறகும் சூடு இருக்கும். ஆனால் கதிர்களின் கடுமை தணியத் தொடங்கியிருக்கும், காற்றும் வந்துவிடும். விளையாட்டும் கெடாது, தொழுகையும் தவறாது. கடும் வெப்பத்தில் ளுஹரையே சற்றுக் குளிரும் வரை தாமதப்படுத்தச் சொன்ன மார்க்கம் நம்முடையது. தொழுகைக்குச் சலுகை உண்டு, கிரிக்கெட்டுக்கு இல்லையா?

தவிர்க்க இயலாத பயணங்கள் உண்டு. டியூஷன், தேர்வு, பேருந்து நிறுத்தக் காத்திருப்பு என நண்பகலில் வெளியே செல்ல நேர்ந்தால் குடையும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். விளிம்புள்ள தொப்பி, வெளிர் நிறத்தில் தளர்வான முழுக்கைப் பருத்திச் சட்டை ஆகிய இரண்டுமே பெரும் பாதுகாப்பு. புற ஊதாக் கதிர்கள் நாளடைவில் கண்புரைக்கு வழிவகுப்பதால், அக்கதிர்களைத் தடுக்கும் கண்ணாடியும் நல்லது. முகத்திற்கும் கைகளுக்கும் சன்ஸ்கிரீன் பூசலாம், எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்டதைப் புறப்படும் முன்னர் பூசி, வெயிலில் இருக்கும்வரை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். ஒளூ கூடுமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். தண்ணீர் தோலைத் தொடாமல் தடுக்கும் படலம் இருக்கக் கூடாது என்பதே அளவுகோல். தோலில் ஊறிவிடும் களிம்பால் தடையில்லை. நீர் புகாத வகையைப் பூசியிருந்தால் கழுவிவிட்டு ஒளூச் செய்யட்டும். ஐயம் எழுந்தால் உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேளுங்கள். வாங்க வசதியில்லாதோர் வருந்த வேண்டாம். நேரம், நிழல், ஆடை ஆகிய மூன்றுக்கும் தனிச் செலவில்லை.

பெண் பிள்ளைகளிடம் பேசும்போது நாம் செய்யும் ஒரு பிழையைத் திருத்திக்கொள்ள வேண்டும். வெயிலில் போகாதே, கறுத்துவிடுவாய், நாளை மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள் என்கிறோம். இது பாதுகாப்பு அறிவுரை அன்று. நிறத்தை இழிவுபடுத்தும் பேச்சு. கஅபாவின் மீதேறி பாங்கு சொல்லும் பேறு கறுத்த மேனியரான பிலால் (ரலி) அவர்களுக்கே கிடைத்தது என்பதை மறந்துவிட்டோமா? நிறத்தைக் காக்க அல்ல, அல்லாஹ் அமானிதமாகத் தந்த உடலையும் கண்களையும் காக்கவே நிழல் தேடுகிறோம் என்று சொல்லுங்கள். கறுத்த தோலுக்கு இயற்கையிலேயே ஓரளவு காப்பு உண்டு. ஆனால் வெப்ப மயக்கம் நிறம் பார்த்து வருவதில்லை. அதேபோல், வெயிலுக்கு அஞ்சிப் பெண் பிள்ளைகளை ஆண்டு முழுவதும் வீட்டினுள் அடைத்து வைப்பதும் தீர்வாகாது. வைட்டமின் டி குறைவும் எலும்பைப் பாதிக்கும் நோய்தான். காலையும் மாலையும் பருத்திப்பட்டு ஏரிக்கரை போன்ற இடங்களில் நடக்க அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள்.

இறுதியாக, பெரியவர்களாகிய நம்மைப் பற்றி. ஜும்ஆ அன்று பள்ளிவாசல் நிரம்பியதும் சிறுவர்களைப் பின்வரிசைக்கு அனுப்புகிறோம். பல இடங்களில் அந்தப் பின்வரிசை மொட்டை மாடியிலோ, வாசல் தெருவிலோ, உச்சி வெயிலில் அமைகிறது. குத்பா முடியும்வரை அவர்கள் சுடும் தரையில் அமர்ந்திருக்க, நாம் மின்விசிறியின் கீழ் அமர்ந்திருக்கிறோம். வெயிலைத் தாங்கத்தான் வேண்டும் என்ற பாடத்தை அங்கேதான் அவர்கள் முதலில் கற்கிறார்கள். ஒரு பந்தலோ பச்சை வலையோ கட்ட ஒரு ஜமாஅத்துக்குப் பெருஞ்செலவு ஆகாது. இளைஞர் அணியினர் நடத்தும் போட்டிகளை நண்பகலில் வைப்பதில்லை என்று நிர்வாகிகள் முடிவெடுக்கலாம். மைதானத்தின் ஓரத்தில் தண்ணீரும் மோரும் வைப்பது சதகாவாகும். தலைவலி, குமட்டல், தலைசுற்றல் கண்டால் உடனே நிழலில் கிடத்தி ஈரத்துணியால் உடலைத் துடைக்கவும், பேச்சுக் குழறினாலோ நினைவு தவறினாலோ வாயில் தண்ணீர் ஊற்றாமல் 108ஐ அழைக்கவும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கற்றுக்கொடுங்கள். அதற்கு முன்னர், நண்பகலில் கடைக்குப் புறப்படும் தந்தை தாமே தொப்பி அணியட்டும், குடை பிடிக்கட்டும். பிள்ளைகள் நம் சொல்லைவிட நம் செயலையே பின்பற்றுகிறார்கள்.

வேறு நிழலே இல்லாத மறுமை நாளில் அல்லாஹ் தன் நிழலில் இடம் தரும் எழுவருள், இறைவணக்கத்தில் வளர்ந்த இளைஞரும் ஒருவர் என்று நபிமொழி நற்செய்தி கூறுகிறது. அந்த நிழலுக்கு நம் பிள்ளைகளைத் தயார்படுத்தும் நாம், இந்த உலகின் நிழலையும் அவர்களுக்கு மறுக்காதிருப்போம். வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளின் உடல்நலத்தையும் ஈமானையும் பாதுகாப்பானாக! ஆமீன்.