கூடுதல் ஆக்டேன் யாருக்குத் தேவை?

பங்க்கில் ‘நார்மலா, பவரா?’ என்று கேட்டால் பலரும் ஒரு கணம் தயங்குகிறார்கள். கடன் வாங்கி, தவணை கட்டி ஓட்டும் கார். அதற்கு நல்லதைப் போட வேண்டும் என்று மனம் சொல்கிறது. லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய்தானே என்று ‘பவரே போடுங்க’ என்றுவிடுகிறார்கள். அந்த அக்கறையில் தவறில்லை. ஆனால், வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் போய்வரும் சாதாரண காரில் அந்தப் பணம் பெரும்பாலும் வீண்.

‘பவர்’ எனப்படும் பிரீமியம் ரகத்தில் கூடுதலாக இருக்கும் ஆக்டேன் என்பது பெட்ரோலின் சக்தியைச் சொல்லும் எண் அல்ல. சிலிண்டருக்குள் அழுத்தப்படும் பெட்ரோல்-காற்றுக் கலவை, ஸ்பார்க் பிளக் மூட்டும் தீ பரவி வருவதற்குள் தானாகவே பற்றிக்கொள்ளக் கூடாது. பற்றினால் எஞ்சின் தட்டும். தொடர்ந்தால் பிஸ்டன் கெடும். அப்படிப் பற்றாமல் தாக்குப்பிடிக்கும் திறனைத்தான் ஆக்டேன் எண் காட்டுகிறது. ஐசோ-ஆக்டேனுக்கு 100, எளிதில் தட்டும் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து அளக்கிறார்கள். 91 ஆக்டேனில் தட்டாமல் ஓடும் எஞ்சினுக்கு 95 ஊற்றினால், கூடுதலாகத் தடுப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரண பெட்ரோல் 100 ரூபாய், பிரீமியம் 108 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், செலவு ஈடாக மைலேஜ் 8 சதவீதம் உயர வேண்டும். அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கம் 2016இல் சாதாரண பெட்ரோலுக்கென வடிவமைத்த கார்களில் பிரீமியம் ஊற்றிச் சோதித்தது. குறிப்பிடத்தக்க பலன் எதுவும் இல்லை. மறுஆண்டு, பிரீமியத்தைத் தயாரிப்பாளரே பரிந்துரைக்கும் கார்களில் சோதித்தது. அவற்றில்கூட மைலேஜ் சராசரியாக 2.7 சதவீதமே கூடியது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டி, லிட்டருக்கு 15 கிடைக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் கூடுதல் செலவு. அந்தப் பணத்தில் ஒரு சர்வீஸே முடிந்துவிடும்.

விதிவிலக்குகள் உண்டு. 95க்குக் குறையக் கூடாது என்று பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ கையேட்டிலோ எழுதியிருந்தால் மறுபேச்சே வேண்டாம், அதைத்தான் போட வேண்டும். மே மாத வெயிலில் ஏசி போட்டு, ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு குன்னூர் மலை ஏறும் டர்போ காரிலும் சிறிது வித்தியாசம் தெரியலாம். பிரீமியத்தில் எஞ்சினைச் சுத்தமாக வைக்கும் ரசாயனம் கலந்திருப்பதாகச் சொல்வதும் பொய்யில்லை. ஆனால், சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோல் பாய்ச்சும் எஞ்சின்களில் அது உள்ளிழுப்பு வால்வைத் தொடுவதே இல்லை. அங்கே படியும் கரியை எப்படிக் கழுவும்?

ஆக்டேன் வேறு, மைலேஜ் வேறு என்பதற்கு இன்று நம் நாடே சாட்சி. முன்பு 88 ஆக இருந்த சாதாரண பெட்ரோலின் ஆக்டேன், பிஎஸ்-6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகளுக்காக 91 ஆகி, 20 சதவீத எத்தனால் கலப்பால் 95ஐத் தொட்டிருப்பதாகப் பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்ட்டில் சொன்னது. எத்தனாலின் ஆக்டேன் எண் 108 அளவில் இருப்பதால் இந்த ஏற்றம். ஆனால், அதன் வெப்ப ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால்தான், 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்யப்பட்ட பழைய வகை கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே குறிப்பிட்டது. எண் ஏறியது, மைலேஜ் இறங்கியது.

எத்தனாலுக்கு அஞ்சியே இப்போது பலர் பிரீமியத்துக்கு மாறுகிறார்கள். பழைய கார்க்காரரின் கவலை நியாயமானதுதான். எத்தனாலால் கெடக்கூடிய ரப்பர் குழாய்களும் சீல்களும் அவருடைய செலவு. ஆனால், 95 ஆக்டேன் ரகத்திலும் எத்தனால் இருக்கிறது என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை. எத்தனால் இல்லாதது என அறியப்படும் 100 ஆக்டேன் பெட்ரோலான எக்ஸ்பி100, 2020இல் டெல்லியில் அறிமுகமானபோதே லிட்டர் 160 ரூபாய். தினமும் ஓட்டும் காருக்குக் கட்டுப்படியாகிற விலையா அது?

பிரிட்டன் 2021 செப்டம்பரில் 10 சதவீதக் கலப்பை வழக்கமாக்கியது. அப்போதும், 5 சதவீதத்துக்கு மேல் கலக்காத பெட்ரோலைப் பழைய வண்டிகளுக்காக உயர் ஆக்டேன் பம்புகளில் விட்டுவைத்தது. எது எவ்வளவு என்று பம்பிலேயே ஒட்டியும் வைத்தது. இங்கே எத்தனால் இல்லாத பெட்ரோலும் பம்புகளில் கலப்பு விவரமும் வேண்டும் என்ற பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. கலப்பில்லாத பெட்ரோல் கொள்கை சார்ந்த பெரிய விஷயம் என்றே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பம்பிலும் ஆக்டேன் எண்ணையும் எத்தனால் அளவையும் பெரிய எழுத்தில் தமிழிலும் எழுதிவைக்க எண்ணெய் நிறுவனங்களுக்கு நீதிமன்ற உத்தரவு எதற்கு? ஒரு சுற்றறிக்கை போதும்.