தேசங்களைக் கடந்தவர்கள் தெருவைக் கடந்தார்களா?

செலியமேட்டிலிருந்து ஒரு தோழர் நமக்கு ஒரு சிறு புத்தகத்தை அனுப்பி, அதைப்பற்றி நமது அபிப்பிராயத்தைக் கேட்கின்றார். கிருஸ்தவப் பிரசாரகர்கள் சிலர் தரைமார்க்கமாகவே பல முஸ்லிம் நாடுகளைக் கடந்து இந்தியாவுக்கு வந்த பிரயாணங்களைப் புகழ்ந்து எழுதப்பட்ட புத்தகம் அது. அதைக் கொடுத்தவர், "ஒரு மனிதன் இவ்வளவு கஷ்டப்பட்டுப் பிரசாரம் செய்வானேயானால் அவன் சொல்லுவதில் உண்மை இருக்கத்தானே வேண்டும்? பகுத்தறிவு பேசும் நீங்கள் இப்படி ஒரு மைலாவது நடந்ததுண்டா?" என்று கேட்டாராம். கேள்வி நியாயமானதே. இதற்காக நாம் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. பதில் சொல்லவே போகின்றோம்.

முதலில் அவர்களுக்குச் சேர வேண்டிய பெருமையைக் கொடுத்துவிடுவோம். 1960-களில் ஜார்ஜ் வெர்வர் என்னும் அமெரிக்கர் நடத்திய ஆப்பரேஷன் மொபிலைசேஷன் என்ற சங்கத்தின் வாலிபர்கள், பழைய லாரிகளில் புத்தக மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஐரோப்பாவிலிருந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தானம், பாகிஸ்தான் வழியாக இந்தியாவுக்கு வந்தது உண்மைதான். 1979-ல் ஈரானில் புரட்சியும் ஆப்கானிஸ்தானத்தில் ரஷ்யப் படையெடுப்பும் ஏற்பட்ட பின் அந்தப் பாதையே ஏறக்குறைய அடைபட்டுப் போயிற்று.

அவர்களுக்கு 130 வருஷம் முன்னாலேயே ஜோசப் உல்ப் என்ற பாதிரியார் அதே திசையில் வந்தார். யூத குருவின் மகனாய்ப் பிறந்து, கத்தோலிக்கராகி, பிறகு ஆங்கிலத் திருச்சபையில் சேர்ந்தவர் அவர். காணாமற்போன யூதர்களின் பத்துக் கோத்திரங்களைக் கண்டுபிடிப்பதற்காக 1828-ல் புறப்பட்டு, துருக்கி, பாரசீகம், புகாரா, காபூல் என்று அலைந்தார். வழியில் கொள்ளைக்காரரிடம் சிக்கினார். கட்டிய துணியும் பறிபோய் நிர்வாணமாக மலைகளில் நடந்தார். அப்புறம் சிம்லா, கல்கத்தா, சென்னை எல்லாம் பார்த்து, நமது புதுச்சேரிக்கும் வந்து, திருநெல்வேலிக்கும் போனார். இவரைக் கோழை என்று யாராவது சொல்ல முடியுமா?

ஆனால் வாசகர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இதே உல்ப் பாதிரியார் 1847-ல் கிருஸ்து திரும்ப வருவார் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனவர். 1847 வந்தது, போயிற்று. வேறு யாரும் வரவில்லை. பத்துக் கோத்திரமும் கிடைத்தபாடில்லை. ஆகவே, பனியில் வெறுங்காலோடு நடந்தவன் வாயிலிருந்து வருவதெல்லாம் உண்மையாய்விடாது என்பதற்கு அவரே சாட்சி. கஷ்டப்படுவது தைரியத்துக்கு அத்தாட்சியே தவிர உண்மைக்கு அத்தாட்சியாகாது. கஷ்டமே அத்தாட்சியானால் பாகூர்ப் பக்கத்தில் திரௌபதியம்மனுக்குத் தீ மிதிக்கிறவனும் உண்மையைக் கண்டவன்தான். அலகு குத்திக்கொள்ளுகிறவனும் உண்மையைக் கண்டவன்தான். பாலைவனத்தில் மெக்காவுக்கு நடந்த ஹாஜியும் அப்படியேதான். இத்தனை பேர் சொல்லும் இத்தனை உண்மைகளும் ஒன்றையொன்று பொய்யென்கின்றனவே, அதற்கு என்ன செய்வது?

இது ஒருபுறமிருக்க, அந்த நாடுகளின் யோக்கியதையையும் நாம் சொல்லாமல் விட முடியாது. 2007 ஜூலையில் தென்கொரியாவின் ஒரு சர்ச்சைச் சேர்ந்த 23 பேர் காபூலிலிருந்து காந்தஹாருக்கு பஸ்ஸில் போகும்போது தாலிபான்கள் பிடித்துக்கொண்டு, இரண்டு பேரைச் சுட்டுக் கொன்று, மற்றவர்களை ஆறு வாரம் வரை வைத்து வதைத்தார்கள். அதற்கு முந்திய வருஷம், 2006-ல், இஸ்லாத்தை விட்டுக் கிருஸ்தவரான அப்துல் ரஹ்மான் என்ற ஆப்கானியர் மரண தண்டனைக்கான வழக்கில் நிறுத்தப்பட்டு, உலகம் கூச்சலிட்ட பிறகு இத்தாலிக்குத் தப்பினார். ஒருவன் தன் மூளையால் யோசித்து ஒரு மதத்தை விட்டால் அவன் தலையை வாங்குவது என்பது சுத்தக் காட்டுமிராண்டித்தனம். அதைச் செய்வது எந்த மதமானாலும் சரி, எந்தச் சர்க்காரானாலும் சரி. நம் நாட்டிலும் மதமாற்றத் தடைச் சட்டம் வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2002-ல் அப்படி ஒரு சட்டம் வந்து 2004-ல் போயிற்று. வேறு மாகாணங்களில் இன்றும் இருக்கின்றது. மதத்தை மாற்றிக்கொள்ள உரிமையுள்ள இடத்தில்தான் மதமே வேண்டாம் என்று சொல்லவும் உரிமை இருக்கும். ஆகையால் பாதிரியின் பேசும் உரிமைக்காக நாமும் பேசுவோம்.

நிற்க, நமது முக்கியமான கேள்வி வேறு. பத்து தேசங்களின் எல்லையைத் தாண்டி வந்தவர்களின் மதம், இங்கே வந்த பிறகு எதைத் தாண்டிற்று?

1745-ல் புதுச்சேரி மாதா கோயிலுக்குள்ளேயே ஆதிதிராவிடக் கிருஸ்தவர்களை ஒதுக்கிவைக்க ஒரு சுவர் இருந்தது. சேரி மக்கள் முறையிட்ட பிறகே அது இடிபட்டது. இதை எழுதிவைத்தவர் நாத்திகர் அல்ல, ஆனந்தரங்கப் பிள்ளை. உல்ப் பாதிரியார் தென்னாடு வந்த காலத்திலேதான், 1833 ஜூலையில், கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் திருச்சபையில் ஜாதியே கூடாது என்று உத்தரவிட்டார். என்ன நடந்தது? தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் ஜாதிக் கிருஸ்தவர்கள் எதிர்த்து நின்றார்கள். கவிராயர் வேதநாயக சாஸ்திரியாரே ஜாதியாசாரத்துக்காக வாதாடினார். வடக்கன்குளத்தில் 1872-ல் ஒரு கோயிலையே இரண்டு கால் உள்ள கால்சட்டையைப்போல் கட்டி, ஜாதிக்கு ஒரு பக்கமாக உட்கார வைத்தார்கள். நடுத்தடுப்பு 1910-ல்தான் போயிற்று. பழங்கதை என்பீர்களோ? புதுச்சேரி-கடலூர் பேராயத்துக்கு உட்பட்ட, உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்து எறையூரில் 2008 மார்ச்சில் கிருஸ்தவர்களுக்கும் கிருஸ்தவர்களுக்குமே ஜாதிக் கலகம் நடந்து, போலீஸ் சுட்டதில் இரண்டு உயிர் போயிற்று. இரண்டு தரப்பாருக்கும் மாதா ஒருத்திதான், ஜெபம் ஒன்றுதான், ஞானஸ்நானத் தண்ணீரும் ஒன்றுதான். அந்தத் தண்ணீரில் ஜாதி மட்டும் கரையவில்லை.

இதைப் படித்துச் சனாதனிகள் சிரிக்க வேண்டியதில்லை. அந்தச் சுவருக்குச் செங்கல் கொடுத்தவர்கள் அவர்களே. பாதிரிமார் ஜெருசலேமிலிருந்து ஜாதியைக் கொண்டுவரவில்லை. நம் ஊரில் இருந்ததைப் பார்த்து, ஆள் சேர்ந்தால் போதுமென்று விட்டுவைத்தார்கள். அதுதான் நமது குற்றச்சாட்டு. தொடக்கூடாதவன் என்றவனுக்குப் பள்ளிக்கூடம் திறந்ததும், திருவாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் போராடியபோது துணை நின்றதும் அதே பாதிரிமார்கள்தான். 1859-ல் அந்த உரிமை கிடைத்ததில் அவர்கள் பங்கை நாம் மறைக்கவில்லை. அவர்களால் மக்களுக்கு ஏற்பட்ட நன்மையெல்லாம் படிப்பாலும் மருந்தாலும் வழக்காடியதாலும் ஏற்பட்டது. மோட்சத்தால் ஏற்பட்டது எது என்று யாராவது காட்டட்டும்.

ஆகவே செலியமேட்டுத் தோழர் அந்தப் புத்தகத்தைக் கொடுத்தவரிடமே மரியாதையாகத் திருப்பிக் கொடுத்து, நாம் சொன்னதாக இதையும் சொல்லட்டும். "ஒரு மைலாவது நடந்ததுண்டா என்று கேட்டீர்கள். நம் நாட்டில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் ஊர்த்தெருவுக்கும் சேரிக்கும் ஒரு மைல் தூரம் இராது. அந்த வழியில் கொள்ளைக்காரர் இல்லை, பனியில்லை, பாஸ்போர்ட்டும் வேண்டாம். ஐயா, வாருங்கள், நீங்களும் நாங்களும் சேர்ந்தே நடப்போம். போய் ஒரே பானையில் தண்ணீர் குடிப்போம், ஒரே சுடுகாட்டைக் கேட்போம், பெண் கொடுத்துப் பெண் எடுப்போம். அதைச் செய்து முடித்த பிறகு கர்த்தர் இருக்கிறாரா இல்லையா என்று திண்ணையில் உட்கார்ந்து நிதானமாக வாதம் செய்யலாம்."

இதற்கு அவர் சம்மதித்தால் நமக்குக் கடிதம் எழுதட்டும். நாமும் செலியமேட்டுக்கு வரத் தயாராயிருக்கின்றோம்.